தெய்வம் நின்று கொல்லவில்லை

அரசன் அன்று கொல்லும், தெய்வம் நின்று கொல்லும் என்பதைப் பள்ளிக்கூடத்தில் சேரும் முன்பே நாம் கேட்டு வளர்ந்தோம். கெட்டவன் செழிப்பாக வாழ்வதைப் பார்த்து வயிறு எரிகிறபோது இன்றும் இதைத்தான் சொல்லி மனதைத் தேற்றிக்கொள்கிறோம். ஆனால் இது ஆறுதலோடு நிற்கவில்லை. உலகம் இப்படித்தான் நடக்கிறது என்று ஒரு தகவலையும் சொல்கிறது. தகவல் என்றால் சரிபார்க்கலாம். குற்றம் செய்தவர்கள் பிறகு என்ன ஆனார்கள், எத்தனை வயது வரை வாழ்ந்தார்கள், எப்படிச் செத்தார்கள் என்று பின்தொடர்ந்து போய்ப் பார்த்தால் போதும்.

முன்பு அது யாராலும் ஆகாத காரியம். இன்று ஆகிறது. லண்டன் ஓல்ட் பெய்லி நீதிமன்ற விசாரணைகள் அந்தக் காலத்திலேயே சிறு வெளியீடுகளாக அச்சிட்டு விற்கப்பட்டவை; இப்போது அவற்றை வீட்டிலிருந்தே கணினியில் படிக்கலாம். அங்கே தண்டனை பெற்ற 90,000 பேரின் பிற்கால வாழ்க்கையைப் பல்வேறு ஏடுகளிலிருந்து கோத்துத் தொகுத்த பெரிய ஆய்வுத் திட்டம் ஒன்று பிரிட்டனில் நடந்தது. ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேற்றப்பட்ட கைதிகளின் பதிவேடுகளை யுனெஸ்கோ 2007இல் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. 1788 முதல் 1868 வரை அப்படிக் கொண்டுபோகப்பட்டவர்கள் சுமார் 1,62,000 பேர்.

அதே காலத்தில் லண்டனில் ஒழுங்காகத் துணி வெளுத்துப் பிழைத்த ஒரு பெண்ணைப் பற்றித் தேடினால் ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் என்று மூன்று வரி கிடைக்கும். அதுவும் கிடைத்தால்தான். திருட்டுக் குற்றத்தில் சிக்கிய பெண்ணுக்கு வழக்கு விவரம், கப்பல் பட்டியல், குடியேற்றத்தில் எடுத்த தலைக்கணக்கு, விடுதலைச் சான்று, நிலப் பதிவு எல்லாம் இருக்கும். பல கைதிகளுக்கு உயரம், கண்ணின் நிறம், கையில் குத்திய பச்சை வரைக்கும் எழுதி வைத்திருக்கிறார்கள். யாரைச் சந்தேகப்பட்டதோ அவர்களைத்தான் அரசாங்கம் விடாமல் எழுதியிருக்கிறது. அதனால்தான் தெய்வம் நின்று கொல்கிறதா என்ற சோதனையை இவர்களை வைத்துச் செய்ய முடிகிறது.

நான் எடுத்துக்கொள்வது மேரி வேட் என்ற சிறுமியை.

1788 அக்டோபர் 5. லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் பகுதி. மேரி அங்கே தெருவைப் பெருக்குவது போலப் பாவனை செய்து, போவோர் வருவோரிடம் பிச்சை கேட்டுப் பிழைத்தவள். அன்று கூட இருந்தவள் ஜேன் வைட்டிங், வயது 14. மேரியின் வயது பற்றி ஏடுகள் ஒத்துப்போகவில்லை; 11 என்பது ஒரு கணக்கு, 13 என்பது இன்னொரு கணக்கு. பிச்சைக்காரக் குழந்தையின் பிறந்த நாளை யார் சரியாகக் குறித்து வைத்திருக்கப் போகிறார்கள்?

தண்ணீர் பிடிக்க வந்த எட்டு வயது மேரி பிலிப்ஸை இருவரும் ஒரு கழிப்பறைக்குள் அழைத்துப் போகிறார்கள். உடம்பில் இருந்த பருத்திக் கவுன், தோளில் போர்த்தும் துணி, தலைக் குல்லாய் மூன்றையும் கழற்றிக்கொள்கிறார்கள். கவுன் அடகுக் கடைக்குப் போகிறது. இன்னொரு குழந்தை காட்டிக்கொடுக்கிறது. அதிகாரி வந்து தேட, மேரியின் அறையில் அந்தத் தோள் துணி அகப்படுகிறது.

விசாரணையில் ஒரு சாட்சி இன்னொன்றும் சொன்னார். அந்தக் குழந்தையைக் கழிவுக் குழிக்குள் தள்ளிவிட நினைத்ததாகவும், தள்ளியிருக்கலாம் என்று இப்போது தோன்றுவதாகவும் மேரி சொன்னாளாம். இந்த வரியை மறைத்துவிட்டு அவளை அப்பாவியாகக் காட்டுவது எனக்குச் சுலபம். நம் இரக்கத்தைப் பெற அவள் அப்பாவியாக இருந்தே ஆகவேண்டும் என்ற நிபந்தனையை நான் ஏற்கவில்லை. பசியில் தெருவில் வளர்ந்த குழந்தைக்குக் கொடூரமான வாயும் இருக்கலாம். எட்டு வயதுக் குழந்தை பட்ட பயமும் உண்மை. இரண்டையும் சேர்த்து வைத்துக்கொண்டுதான் மேலே பேசவேண்டும்.

1789 ஜனவரி 14 அன்று ஓல்ட் பெய்லியில் தீர்ப்பு: தூக்கு. இரண்டு சிறுமிகளுக்கும்.

நீதிபதிகளோ ஜூரிகளோ மனநோயாளிகள் அல்லர். அன்றைய இங்கிலாந்தில் மரண தண்டனைக்குரிய குற்றங்கள் ஏறக்குறைய இருநூறை எட்டிக்கொண்டிருந்தன. பயமுறுத்திப் பறித்தால் வழிப்பறி, வழிப்பறிக்குத் தூக்கு. பறித்தது வைர மாலையா பழைய கவுனா என்பது பொருட்டில்லை. அந்த மன்றத்தில் இருந்தவர்கள் ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குப் போகிறவர்கள், பிள்ளை குட்டி உள்ளவர்கள். இளம் வயதிலேயே இப்படி என்றால் வளர்ந்தால் என்ன ஆவாள் என்ற கேள்வி அவர்களுக்கு இயல்பாகப் பட்டிருக்கும். நம் ஊரில் அதற்குத் தயாராக ஒரு பழமொழி இருக்கிறது: தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும். வளர்ந்தால் என்ன ஆவாள் என்று அவர்களுக்குத் தெரியாது. தெரியாமலே கொல்லச் சொன்னார்கள். நமக்குத் தெரியும். ஏடுகள் இருக்கின்றன.

அந்த மாதங்களில் மன்னர் மூன்றாம் ஜார்ஜ் புத்தி பேதலித்துக் கிடந்தார். 1789 மார்ச்சில் அவர் குணமடைந்ததாக அறிவித்தார்கள். ஊரெங்கும் விளக்கு, விருந்து. அந்த மகிழ்ச்சியோடு சேர்த்துத்தான், நியூகேட் சிறையில் தூக்குக்குக் காத்திருந்த பல பெண்களின் தண்டனை நாடுகடத்தலாகக் குறைக்கப்பட்டது என்று சொல்கிறார்கள். மார்ச் 16 அன்று மேரியும் தப்பினாள். பக்தர்கள் இதைக் கர்த்தரின் கிருபை என்பார்கள். அரசாங்கத்தின் கணக்கு வேறு: முந்தின ஆண்டில்தான் சிட்னியில் குடியேற்றம் தொடங்கியிருந்தது, அங்கே ஆண்கள் மிகுதி, பெண்கள் சொற்பம், அனுப்புவதற்குப் பெண்கள் வேண்டியிருந்தது.

கிருபை என்று இன்னும் சொல்லத் தோன்றினால், அடுத்த தேதியையும் படியுங்கள். இரண்டு நாள் கழித்து, மார்ச் 18 அன்று, அதே நியூகேட் வாசலில் கேதரின் மர்ஃபி என்ற பெண்ணைக் கொன்றார்கள். கள்ளக் காசு செய்தது அவள் குற்றம். கழுத்தை இறுக்கிக் கொன்றபின் உடலைக் கம்பத்தில் கட்டி எரித்தார்கள். இங்கிலாந்தில் இப்படி எரிக்கப்பட்ட கடைசிப் பெண் அவள். அடுத்த ஆண்டே அந்தத் தண்டனையைச் சட்டத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். ஒரே சிறை, ஒரே வாரம். ஒருத்தி கப்பலுக்குப் போனாள், ஒருத்தி தீக்குப் போனாள். மேரியைக் காத்த கருணை கேதரினை ஏன் காக்கவில்லை என்று கேட்டால் பதில் வராது. கேதரினின் பிற்கால வாழ்க்கையை எந்த ஆவணக் காப்பகத்திலும் தேட முடியாது. அப்படி ஒன்று இல்லாமல் ஆக்கிவிட்டார்கள்.

மேரியின் கப்பல் பெயர் லேடி ஜூலியானா. இருநூறுக்கும் மேற்பட்ட பெண் கைதிகள். 1789 ஜூலையில் கிளம்பி 1790 ஜூன் 3 அன்று சிட்னியை எட்டியது. பின்னாலேயே வந்த நெப்டியூன், சர்ப்ரைஸ், ஸ்கார்பரோ என்ற மூன்று கப்பல்களின் கதையை இங்கே சொல்லியாக வேண்டும். அவற்றை நடத்தியது அடிமை வியாபாரம் செய்து பழகிய ஒரு நிறுவனம். ஏற்றிய தலைக்கு இவ்வளவு என்று பணம். உயிரோடு இறக்கினால்தான் என்ற நிபந்தனை இல்லை. சங்கிலியில் கட்டிப் பட்டினி போட்டார்கள். மூன்றிலும் சேர்த்து ஏறக்குறைய நாலில் ஒருவர் கடலிலேயே செத்தார். நெப்டியூன் கப்பலின் தலைவர் டொனால்ட் டிரெயில் மீது கொலை வழக்கு நடந்தது. 1792இல், அதே ஓல்ட் பெய்லியில், விடுதலை. கவுனைப் பறித்த சிறுமிக்குத் தூக்கு சொன்ன மன்றத்தில், மனிதர்கள் கும்பல் கும்பலாகச் செத்த கப்பலின் தலைவர் தலை நிமிர்ந்து வெளியே போனார். குற்றம் எது என்பதைச் செயல் தீர்மானிக்கவில்லை. செய்தவர் யார், பறிகொடுத்தவர் யார் என்பதுதான் தீர்மானித்தது.

மேரியை சிட்னியிலிருந்து நார்ஃபோக் தீவுக்கு அனுப்பினார்கள். பதின்ம வயதிலேயே அங்கே பிள்ளை பெற்றாள். திரும்பி வந்து டீக் ஹாரிகன் என்பவனோடு, டேங்க் ஸ்ட்ரீம் என்ற ஓடைக் கரையில் கூடாரத்தில் வாழ்ந்தாள். 1806இல் அவன் திமிங்கிலம் பிடிக்கும் கப்பலில் போனான், திரும்பவே இல்லை. பிறகு ஜோனதன் ப்ரூக்கர் என்ற இன்னொரு கைதியோடு ஹாக்ஸ்பரி ஆற்றுப் பக்கம் குடித்தனம். 1812இல் அவளுக்கு விடுதலைச் சான்று. 1816வாக்கில் கேம்பல்டவுனை அடுத்த ஏர்ட்ஸில் 30 ஏக்கர். 1817இல்தான் முறைப்படி கல்யாணம். 1822இல் 62 ஏக்கர். அடுத்த ஆண்டு காட்டுத் தீ வந்து எல்லாவற்றையும் கொண்டுபோனது, கடனாளி ஆனார்கள். 1828க்குள் மறுபடி எழுந்து இல்லவாரா பகுதியில் நிலம் வாங்கினார்கள். 1833இல் கணவர் இறந்தார். அவள் இன்னும் இருபத்தாறு ஆண்டுகள் வாழ்ந்து, 1859 டிசம்பர் 17 அன்று ஃபேரி மெடோவில் கண் மூடினாள். எண்பதைத் தாண்டிய வயது. பெற்றது 21 பிள்ளைகள் என்று குடும்ப வரலாற்றாளர்கள் எண்ணுகிறார்கள். அவள் சாகிறபோது உயிரோடு இருந்த வழித்தோன்றல்கள் 300க்கும் மேல்.

இதில் தெய்வம் எங்கே நின்று கொன்றது? தீயைக் காட்டுவீர்கள் என்றால், அந்தத் தீ அக்கம்பக்கத்தில் திருடாதவர்கள் நிலத்தையும் எரித்தது. புருஷன் ஓடிப்போனதைக் காட்டுவீர்கள் என்றால், எந்தக் குற்றமும் செய்யாத எத்தனையோ பெண்களை எத்தனையோ ஆண்கள் அப்படி விட்டுப் போயிருக்கிறார்கள். ஒருவர் வாழ்க்கையில் வந்த கஷ்டங்களை மட்டும் பொறுக்கி எடுத்து, இது அதற்கான தண்டனை என்று கோத்துவிடும் பழக்கம் நம்மிடம் ஆழமாக வேரோடியிருக்கிறது. கான்சர் வந்தவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு, இவங்க அப்பா பண்ணின பாவம் என்று பேசுகிற ஈவிரக்கமற்ற வாயை இந்தப் பழக்கம்தான் தந்தது.

அந்தக் காலத்து மத குருக்களும் சும்மா இருக்கவில்லை. 1806இல் சாமுவேல் மார்ஸ்டன் என்ற பாதிரியார் குடியேற்றத்தின் பெண்கள் அனைவரையும் கணக்கெடுத்துப் பட்டியல் போட்டார். மொத்தம் 1,430 பேர். ஒவ்வொருத்திக்கும் பக்கத்தில் இரண்டில் ஒரு முத்திரை: மணமானவள், அல்லது வைப்பாட்டி. அவருடைய சபையின் சடங்குப்படி கட்டிய கல்யாணம் மட்டும்தான் கல்யாணம். கத்தோலிக்கக் கல்யாணம் செல்லாது, யூதக் கல்யாணம் செல்லாது. மணமானவர்கள் 395, வைப்பாட்டிகள் 1,035 என்று முடித்துக் கையெழுத்திட்டார். வருஷக்கணக்காக ஒரே ஆளோடு வாழ்ந்து, பிள்ளை வளர்த்து, நிலம் உழுத பெண்கள் அந்த ஒரு தாளில் வைப்பாட்டிகள் ஆனார்கள். அந்தப் பட்டியல் லண்டன் வரை போய், ஆஸ்திரேலியப் பெண் கைதிகள் ஒழுக்கம் கெட்டவர்கள் என்ற எண்ணத்துக்குப் பல தலைமுறைகள் ஆதாரமாக நின்றது. ஆவணம் என்றால் உண்மை என்று நம்புகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். எழுதியவரின் மதமும் அதிகாரமும் அந்த எண்களுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கின்றன.

2008இல் ஆஸ்திரேலியப் பிரதமர் கெவின் ரட்டுக்கு மார்மன் சபையினர் அவருடைய வம்சாவளியைத் தேடி எடுத்துக் கொடுத்தார்கள். அந்த வரிசையில் மேரி வேட் இருந்தாள். அதற்குப் பிறகு அவள் கதை செய்தியானது: தூக்குக்குத் தப்பிய சிறுமி, பிரதமரின் மூதாதை! குதிரை திருடியதாகப் பதின்மூன்று வயதில் பிடிபட்டு, நாடுகடத்தப்பட்டு, பிறகு பெரும் வணிகராக உயர்ந்த மேரி ரெய்பியின் முகம் இன்று ஆஸ்திரேலியாவின் 20 டாலர் நோட்டில் இருக்கிறது. பத்திரம் மோசடி செய்ததற்காகத் தூக்கு விதிக்கப்பட்டுத் தப்பிய கட்டடக் கலைஞர் பிரான்சிஸ் கிரீன்வே ஒரு காலத்தில் 10 டாலர் நோட்டில் இருந்தார். முன்பு பாட்டன் கைதி என்பதை மூடி மறைத்த குடும்பங்கள் இன்று பெருமையாகச் சொல்லிக்கொள்கின்றன.

இந்த இடத்தில்தான் வாசகரோடு எனக்கு ஒரு சண்டை இருக்கிறது. பிரதமர் பிறந்தார், முந்நூறு பேர் பிறந்தார்கள், அதனால் அவளைத் தூக்கில் போடாமல் விட்டது நல்லதாயிற்று என்று மனம் நிம்மதி அடைகிறதல்லவா? அந்த நிம்மதியை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அவள் நார்ஃபோக் தீவிலேயே குடித்துக் குடித்துச் செத்திருந்தாலும், மறுபடி மறுபடி திருடியிருந்தாலும், ஒரு பிள்ளைகூடப் பெறாமல் போயிருந்தாலும், அந்த வயதில் அவளைத் தொங்கவிடுவது அதே அளவு அநியாயமாகத்தான் இருந்திருக்கும். உயிரின் மதிப்பைப் பிறகு அது ஈட்டிய லாபத்தை வைத்து அளக்கத் தொடங்கினால், லாபம் காட்டாதவர்களை என்ன செய்வது? அவளோடு தீர்ப்பு வாங்கிய ஜேன் வைட்டிங்கைப் பற்றி இவ்வளவு ஆசையாக யாரும் எழுதுவதில்லை. அவள் உயிரும் அதே உயிர்தான்.

துணி பறிகொடுத்த மேரி பிலிப்ஸ் என்ன ஆனாள்? வழக்கு ஏட்டில் ஒரு பக்கத்தில் வருகிறாள், குறுக்குக் கேள்விகளுக்கு நடுவில் நிற்கிறாள், போய்விடுகிறாள். தூக்கு மரத்தைக் காட்டி அவளுக்கு நீதி செய்ததாகச் சொன்ன அரசாங்கம், அவளை அதற்குப் பிறகு ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்த்ததாக அந்த வழக்கு ஏட்டில் எதுவும் இல்லை. பாதிக்கப்பட்டவர் பெயரைச் சொல்லித்தான் இன்றும் தொலைக்காட்சி விவாதங்களில் தூக்கு கேட்கிறார்கள். அந்தக் குடும்பத்துக்கு நஷ்டஈடு வந்ததா, வழக்கு நடந்த ஆண்டுகளில் அவர்கள் எப்படிச் சாப்பிட்டார்கள் என்று அடுத்த மாதம் விசாரிக்க ஆள் இருப்பதில்லை.

மேரிக்குக் கிடைத்த ஏக்கர்கள் யாருடையவை? ஏர்ட்ஸும் அதை அடுத்த அப்பினும் தாராவல் மக்களின் மண். 1816 ஏப்ரலில், மேரி குடும்பம் அந்தப் பகுதியில் காலூன்றிய அதே காலத்தில், ஆளுநர் லக்லன் மக்குவாரி பூர்வகுடிகளை அடக்கப் படைகளை அனுப்பினார். ஏப்ரல் 17, விடியுமுன், கேப்டன் ஜேம்ஸ் வாலிஸ் தலைமையிலான படை அப்பின் பக்கத்தில் ஒரு முகாமைச் சூழ்ந்தது. சுட்டார்கள். தப்பி ஓடியவர்கள் இருட்டில் மலை விளிம்பிலிருந்து கீழே ஆற்றுப் பள்ளத்தில் விழுந்தார்கள். குழந்தைகள், பெண்கள் உட்படக் குறைந்தது 14 பேர் செத்தார்கள் என்று வாலிஸே அறிக்கை கொடுத்தார். கொல்லப்பட்டவர்களில் சிலரின் உடல்களை மற்றவர்கள் பார்த்துப் பயப்படும்படி மரத்தில் தொங்கவிட்டார்கள். தலைகளை வெட்டி எடுத்தார்கள். மண்டையோடுகள் எடின்பரோ வரை போய்ச் சேர்ந்தன. 1991இல்தான் ஆஸ்திரேலியாவுக்குத் திரும்பின.

வாலிஸின் பிற்கால வாழ்க்கையும் ஏடுகளில் இருக்கிறது. வழக்கு இல்லை. ஆளுநரின் பாராட்டு கிடைத்தது. சில மாதங்களில் நியூகாசில் குடியேற்றத்தின் தலைமைப் பதவி. இங்கிலாந்து திரும்பி, நியூ சவுத் வேல்ஸின் இயற்கைக் காட்சிகளைச் சித்திரத் தொகுப்பாக அச்சிட்டு வெளியிட்டார். ராணுவ ஓய்வுக்குப் பிறகு நெடுங்காலம் வாழ்ந்து 1858இல், மேரிக்கு ஓராண்டு முன்பு, இறந்தார். தெய்வம் இவருக்காகவும் நின்றுகொண்டுதான் இருந்தது போலும் என்று சொல்லி நகர என்னால் முடியவில்லை. கொல்கிற தெய்வம் இல்லை. அதனால்தான் உயிரோடு இருக்கிற மனிதர்கள் கணக்குக் கேட்க வேண்டியிருக்கிறது. மேல் உலகத்தில் தீர்ப்பு உண்டு என்ற நம்பிக்கை வாலிஸைப் போன்றவர்களுக்குத்தான் மிகவும் வசதி. கீழ் உலகத்தில் யாரும் வழக்குப் போட மாட்டார்கள்.

இந்தக் கதையில் நமக்கு நேராகத் தொடர்பு உள்ள பகுதி ஒன்று உண்டு. 1819இல் ஜான் தாமஸ் பிக் என்ற விசாரணை அதிகாரியை லண்டன் சிட்னிக்கு அனுப்பியது. கைதிகளின் பிள்ளைகள் எப்படி வளர்ந்திருக்கிறார்கள் என்று அவர் பார்த்தார். உடலிலும் ஒழுக்கத்திலும் பெற்றோரிடமிருந்து இவர்கள் வியக்கத்தக்க விலக்கு என்று அறிக்கை எழுதினார். அதாவது, திருட்டு ரத்தத்தில் ஓடுவதில்லை என்பதற்குப் பிரிட்டிஷ் அரசாங்கத்தின் கையிலேயே, அதன் சொந்த அதிகாரி எழுதிய சான்று இருந்தது. ஆயிரக்கணக்கான குடும்பங்களின் சான்று.

அரை நூற்றாண்டு கழித்து, 1871இல், அதே பேரரசு இந்தியாவில் குற்றப் பரம்பரைச் சட்டத்தைக் கொண்டுவந்தது. அந்தச் சட்டத்துக்காக அதிகாரிகள் வைத்த வாதம் என்ன தெரியுமா? இந்த நாட்டில் தச்சன் மகன் தச்சன், நெசவாளி மகன் நெசவாளி. அப்படியானால் திருடன் மகன் திருடனாகத்தான் இருப்பான். இந்த வாதத்துக்கு மூலப்பொருள் ஐரோப்பாவிலிருந்து வரவில்லை. நம் ஜாதி அமைப்பிலிருந்து எடுத்துக்கொண்டார்கள். பிறப்பே குணம், பிறப்பே தொழில் என்று நாம் ஆயிரம் ஆண்டுகளாக ஓதியதை அவர்கள் போலீஸ் சட்டமாக எழுதினார்கள். ஆஸ்திரேலியாவில் அவர்கள் கண்ணால் கண்டது இங்கே வேலைக்கு ஆகவில்லை, ஏனென்றால் இங்கே பொய்க்கு உள்ளூர் ஜாமீன் இருந்தது.

1911இல் திருத்திய சட்டம் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. மதுரைப் பக்கம் அதற்கு ரேகைச் சட்டம் என்று பெயர். எந்த வழக்கிலும் சிக்காதவன்கூட, பிறந்த ஜாதிக்காகக் கைரேகை பதிக்க வேண்டும். இரவில் தன் வீட்டில், தன் பெண்டாட்டி பிள்ளைகளோடு படுக்க முடியாது. காவல் கண்காணிப்பில் போய்ப் படுக்க வேண்டும். வெளியூர் போகச் சீட்டு வாங்க வேண்டும். ரேகை வைக்க மாட்டோம் என்று உசிலம்பட்டியை அடுத்த பெருங்காமநல்லூர் மக்கள் எதிர்த்து நின்றபோது, 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் சுட்டதில் மாயக்காள் என்ற பெண் உட்படப் பதினைந்துக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். 1947இல் சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் நீங்கியது. அடுத்த ஆண்டே பழக்கக் குற்றவாளிகள் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்து உட்கார்ந்தது.

சட்டம் போனாலும் எண்ணம் போகவில்லை. சிறைக்குள் ஜாதி பார்த்து வேலை கொடுப்பது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2024 அக்டோபரில் சொல்ல வேண்டியிருந்தது. குற்றப் பரம்பரைப் பட்டியலில் முன்பு இருந்த சீர்மரபினரைப் பிறவியிலேயே திருட்டுப் பழக்கம் உள்ளவர்களாகக் காட்டும் விதிகள் அதுவரை பல மாநிலச் சிறைக் கையேடுகளில் இருந்தன. சுதந்திரம் வந்து 77 ஆண்டுகள்! சரித்திரப் பதிவேடு என்ற பெயரில் காவல் நிலையங்களில் இன்றும் ஏடு திறக்கிறார்கள். இருபது வயதில் ஒருவன் பெயர் ஏறிவிட்டால், அவன் கல்யாணம் கட்டிக் கடை வைத்துப் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த பிறகும், ஊரில் திருவிழா என்றால் முன்னெச்சரிக்கையாக அவனைத்தான் கூட்டிப்போவார்கள். அவன் ஒழுங்காக வாழ்ந்த நாட்களை எழுத அந்த ஏட்டில் இடம் இல்லை.

பதினேழு வயதுப் பையன் ஒருவன் கொடுமையான குற்றத்தில் பிடிபட்டான் என்று செய்தி வருகிறபோது என்ன நடக்கிறது? வயசு என்ன வயசு, தூக்கில் போடு என்கிறோம். படித்தவர்கள், சாமி கும்பிடாதவர்கள், மேடையில் பகுத்தறிவு பேசுகிறவர்களும் சொல்கிறார்கள். அந்தக் கூச்சலுக்குப் பணிந்துதான் 2015இல் இளைஞர் நீதிச் சட்டத்தை மாற்றி, கொடிய குற்றம் என்றால் 16 வயதுப் பிள்ளையையும் பெரியவனாக வைத்து விசாரிக்கலாம் என்று எழுதினார்கள். அந்தச் சட்டத்திலும் 18 வயதுக்குக் கீழ்ப்பட்ட யாருக்கும் மரண தண்டனை கிடையாது. விடுதலைக்கு வழியே இல்லாத ஆயுள் தண்டனையும் கிடையாது. நல்லது. ஆனால் இதற்குக் காரணமாக நாம் ஏற்றுக்கொண்டது என்ன? இந்தப் பிள்ளை நாளை யாராவான் என்று நமக்குத் தெரியாது என்பதைத்தான். பத்தொன்பது வயதுக்காரனைப் பற்றி அது தெரிந்துவிட்டதா? முப்பது வயதுக்காரனைப் பற்றி?

கோபம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பெண்ணைச் சிதைத்தவன் மீது, குழந்தையைக் கொன்றவன் மீது கோபம் வராதவன் மனிதனே இல்லை. அவனை அடைத்து வைக்கட்டும், நெடுங்காலம் வைக்கட்டும், பாதிக்கப்பட்டவர் குடும்பத்தை அரசாங்கம் தாங்கட்டும். கொல்வதற்கு மட்டும் உரிமை இல்லை. கொன்ற பிறகு தவறு தெரிந்தால் திருத்த முடியாது, ஆள் மாறியிருப்பானா என்று பார்க்கவும் முடியாது. கேதரின் மர்ஃபியைக் கொன்றவர்களுக்கு அடுத்த ஆண்டே அந்தத் தண்டனை காட்டுமிராண்டித்தனமாகத் தெரிந்தது. அவளுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

ஆகவே கேட்கிறேன். மரண தண்டனையை இந்தியச் சட்டத்திலிருந்து எடுக்கச் சொல்லுங்கள். உங்கள் தொகுதிச் சட்டமன்ற உறுப்பினரிடம், 1948இன் பழக்கக் குற்றவாளிகள் சட்டம் இன்னும் எதற்கு என்று எழுதிக் கேளுங்கள். உங்கள் தெருவில் சிறைக்குப் போய் வந்தவர் இருந்தால், அவர் பிள்ளையோடு உங்கள் பிள்ளை விளையாடுவதைத் தடுக்காதீர்கள்.